கோர்வை விடாமல் ஓது!

*குர்ஆனை மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு அதன் பொருள் எப்போது கிடைக்கிறது? ஓரிக்கையிலிருந்து ஒரு பார்வை*

வலப்பக்கத்து நாடா என் பொறுப்பு. அப்பா தறிக்குழியில் காலை இறக்கி மிதியை அழுத்துவார். புடவையின் உடலுக்கு ஒரு நாடா, இடக்கரைக்கு ஒரு நாடா, இரண்டும் அவர் கையில். மூன்றாவது வலக்கரைக்கானது. அதைத் தள்ளத்தான் எட்டு வயதுப் பையனான நான். உடல் அரக்கு, கரை பச்சை. இரண்டு நிறமும் சந்திக்கிற விளிம்பில் உடலின் இழையும் கரையின் இழையும் ஒன்றையொன்று பின்னிக்கொள்ள வேண்டும். காஞ்சிபுரம் பட்டின் பெருமையே அந்தப் பின்னல்தான். கோர்வை என்று அதற்குப் பெயர். நான் கொஞ்சம் அசந்தால் அப்பா திரும்பிப் பார்க்காமலே சொல்வார்: "கோர்வை விடுதுடா."

நெய்த துணி உடனுக்குடன் படமரத்தில் சுருண்டுவிடும். கண்ணுக்குத் தெரிவது ஒரு சாண்தான். முழுப் புடவையும் எப்படி இருக்கும் என்று தெரியாமலேயே நாள் கணக்கில் நாடா தள்ளியிருக்கிறேன்.

பக்கத்து வீட்டில் என் வகுப்புத் தோழன். நான் தறியில் உட்காரும் நேரத்துக்கு அவன் டவுன் பள்ளிவாசலுக்கு ஓதப் போவான். திரும்பி வரும்போது தொப்பி சட்டைப்பையில் இருக்கும், உதடு மட்டும் அசைந்துகொண்டே இருக்கும்.

"என்னடா முணுமுணுக்கிற?"

"நேத்துப் பாடம்."

"அப்படின்னா என்ன அர்த்தம்?"

"தெரியாது. ஹஜ்ரத் ஓதச் சொன்னாரு, ஓதுறேன்."

அப்போது அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. பிறகுதான் உறைத்தது: நான் நெய்ததன் டிசைனும் எனக்குத் தெரியாதே! அவனுக்கு ஓசை தெரியும், பொருள் தெரியாது. எனக்கு இழை தெரியும், புடவை தெரியாது. இன்று அவனுடைய ஒன்பது வயது மகள் ஓதப் போகிறாள். அவளிடம் அதே கேள்வியைக் கேட்டால் வேறு பதில் வருகிறது. இடையில் என்ன மாறியது?

ஓது என்னும் சொல்

எங்கள் ஓரிக்கை காஞ்சிபுரத்தை ஒட்டிய பாலாற்றங்கரை ஊர். ஊர்ப்பெயருக்கு ஒரு கதை உண்டு. தன்னைப் பாட மறுத்த கணிகண்ணனைப் பல்லவ மன்னன் நாடு கடத்தினான். குரு திருமழிசை ஆழ்வாரும் சீடனோடு கிளம்பினார். போகும்போது பெருமாளையும் பாயைச் சுருட்டிக்கொண்டு வரும்படி பாடினார், பெருமாளும் கிளம்பிவிட்டார். மூவரும் ஓர் இரவு தங்கிய இடம் 'ஓரிரவிருக்கை'. அதுவே ஓரிக்கை ஆனது என்பார்கள். காஞ்சியில் அந்தப் பெருமாளுக்குப் பெயரே 'சொன்னவண்ணம் செய்த பெருமாள்'. வாயால் சொன்ன சொல் காலால் நடந்தாக வேண்டும் என்று நம்புகிற மண் இது.

சொல்லை மனதில் சுமப்பதும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. கடிகை என்னும் கல்விக்கூடம் பல்லவர் காலத்திலேயே இங்கே இருந்தது. கடம்ப மரபின் மயூரசர்மன் வேதம் பயில வந்தது அங்கேதான். வேதத்துக்குத் தமிழில் 'ஓத்து' என்று பெயர். தேவாரம் பாடுகிறவர் ஓதுவார். முஸ்லிம் வீட்டுப் பிள்ளை குர்ஆனை 'வாசிக்க'ப் போவதில்லை, 'ஓத'ப் போகிறது. மூன்று மரபுக்கும் தமிழ் ஒரே வினைச்சொல்லைத்தான் கொடுத்திருக்கிறது. 'குர்ஆன்' என்ற அரபுச் சொல்லும் ஏறக்குறைய அதையேதான் குறிக்கிறது: ஓதப்படுவது. ஏட்டில் இருப்பதற்கு முன் அது நாவில் இருந்தது. நபிகளாரின் மறைவுக்குப் பின் நடந்த யமாமா போரில் மனப்பாடம் செய்திருந்தவர்கள் பலர் உயிரிழந்தார்கள். அந்த அச்சத்தில்தான் முதல் கலீஃபா அபூபக்கர் காலத்தில், உமரின் வற்புறுத்தலால், ஸைத் இப்னு ஸாபித் அதை ஒரே தொகுப்பாக எழுதிச் சேர்த்தார்.

காலை ஒரு மணி நேரம்

தமிழ்நாட்டு முஸ்லிம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் குர்ஆன் அறிமுகமாவது மக்தபு மதரஸாவில். விடியற்காலை ஃபஜ்ருத் தொழுகை முடிந்து பள்ளிக்கூட வேன் வருவதற்குள் ஒரு மணி நேரம், அல்லது மாலையில் டியூஷனுக்கு முன்பு. பாயில் வரிசையாக உட்கார்ந்து, மடக்குப் பலகையில் காயிதா என்னும் அரிச்சுவடியை விரித்து வைத்துக்கொள்வார்கள். அலிஃப், பே, தே. பிறகு எழுத்துக்கு மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, தலையில் ஒரு சுழி. அதன் பிறகு எழுத்துக் கூட்டல்.

பத்துப் பிள்ளைகள் பத்துப் பாடத்தில் இருப்பார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் சத்தமாக ஓதுவார்கள். வெளியாளுக்கு அது இரைச்சல். நடுவில் உட்கார்ந்திருக்கிற ஆசிரியரான ஹஜ்ரத்துக்கோ யாருடைய 'ஹ' தொண்டையிலிருந்து வரவில்லை என்று துல்லியமாகக் கேட்கும். அரபியில் இரண்டு 'ஹ' உண்டு. ஒன்று மூச்சு, மற்றது தொண்டையின் நடுவில் உரசி வருவது. இரண்டையும் மாற்றி ஓதினால் பொருளே மாறிவிடும். எழுத்தைப் பிறக்குமிடம் அறிந்து ஒலிக்கிற இந்தக் கலைக்குத் தஜ்வீத் என்று பெயர். தொல்காப்பியம் பிறப்பியலில் எழுத்துப் பிறக்கும் இடங்களை வகுத்ததைப் போன்றதுதான்.

எழுத்துக் கூட்டத் தெரிந்ததும் மனப்பாடம் தொடங்கும். ஏழு வசனம் கொண்ட ஃபாத்திஹா முதலில். பிறகு கடைசிப் பகுதியான 'அம்ம' ஜுஸ்வு. 78ஆம் அத்தியாயத்திலிருந்து 114 வரை, மொத்தம் 37 சின்ன அத்தியாயங்கள். வழக்கமாகப் பின்னாலிருந்தே ஓதி வருவார்கள். குர்ஆனின் மிகச் சிறிய அத்தியாயத்துக்கு மூன்றே வசனம், மிகப் பெரியதற்கு 286. பிள்ளை கடைசிப் பக்கத்தில் நுழைந்து முதல் பக்கத்தை நோக்கி நடக்கிறது.

முப்பது ஜுஸ்வும் மூன்று அடுக்கும்

மக்தபோடு நின்றுவிடாமல் முழுக் குர்ஆனையும் மனதில் ஏற்றிக்கொள்ளப் போகிறவர்கள் ஹிஃப்ழு மதரஸாவுக்குப் போவார்கள். 30 ஜுஸ்வு, 114 அத்தியாயம், 6,236 வசனம், எழுபத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள். இன்று பரவலாக அச்சாகும் மதீனா பிரதியில் 604 பக்கம். நாளுக்கு ஒரு பக்கம் என்று கணக்குப் போட்டால் இரண்டு வருடம்கூட ஆகாது. ஆனால் கணக்கு அப்படி நடப்பதில்லை. ஏற்றுவது எளிது, இறங்காமல் பார்த்துக்கொள்வதுதான் பாடு. கட்டிய ஒட்டகம் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுவதைவிட விரைவாக மனதிலிருந்து குர்ஆன் நழுவும் என்று நபிகளாரே எச்சரித்திருக்கிறார்.

அதனால் ஹிஃப்ழுப் பிள்ளையின் நாள் மூன்று அடுக்காக ஓடுகிறது. இன்றைய புதுப் பாடம் 'சபக்'. கடந்த சில நாட்களில் ஏற்றியதைத் திருப்பி ஒப்பிப்பது இரண்டாவது. எப்போதோ முடித்த பழைய ஜுஸ்வுகளைச் சுழற்சியில் ஓதிக் காட்டுவது மூன்றாவது. பெயர்கள் மதரஸாவுக்கு மதரஸா மாறும், முறை மாறாது. மறதி எப்படி நடக்கிறது என்று 1885இல் ஜெர்மானிய அறிஞர் எப்பிங்ஹாஸ் தன்னையே சோதித்து எழுதினார். இடைவெளி விட்டுத் திருப்பிப் பார்த்தால்தான் நினைவு தங்கும் என்பது அதன் சாரம். மதரஸாப் பாயில் அது எப்போதோ வழக்கத்துக்கு வந்துவிட்டது.

பரீட்சை ரமழானில். தராவீஹ் தொழுகையில் இரவுக்கு ஏறக்குறைய ஒரு ஜுஸ்வாக முழுக் குர்ஆனையும் பார்க்காமல் ஓதித் தொழவைப்பார் ஹாஃபிழ். பின்வரிசையில் இன்னொரு ஹாஃபிழ் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். முன்னவர் தடுமாறினால் விட்ட சொல்லைப் பின்னவர் எடுத்துக் கொடுப்பார். இதற்கு 'லுக்மா' கொடுப்பது என்று பெயர். லுக்மா என்றால் ஒரு கவளம். ஊட்டிவிடுகிற பாவனையில்தான் திருத்தமே நடக்கிறது.

எண்ணூறு வருட வழக்கு

இவ்வளவையும் பொருள் தெரியாமல் ஏற்றுவதில் என்ன பயன் என்று கேட்டால், 'வெளியிலிருந்து வரும் குதர்க்கம்' என்று சிலர் முகம் சுளிப்பார்கள். உண்மையில் இது உள்ளேயிருந்தே எழுந்த, மிகப் பழைய கேள்வி.

1148இல் மறைந்த, செவில் நகரத்து நீதிபதி அபூபக்கர் இப்னுல் அரபி, பிள்ளைக்கு முதலில் அரபு மொழியும் கவிதையும், பிறகு கணக்கும், அதன் பிறகே குர்ஆனும் கற்பிக்க வேண்டும் என்றார். புரியாததைப் பிள்ளையின் தலையில் ஏற்றுவது அவருக்கு அவலமாகப் பட்டது. 1377இல் 'முகத்திமா' எழுதிய இப்னு கல்தூன் இந்த யோசனையை எடுத்துக்காட்டி, நல்ல முறைதான் என்று ஒப்புக்கொள்கிறார். ஆனால் ஊர் வழக்கம் இதற்கு இடம் கொடுக்காது என்கிறார். காரணம் நடைமுறை அறிந்தவர் சொல்வது: பிள்ளை பெற்றோர் கட்டுப்பாட்டில் இருக்கும்வரை ஓதும், வளர்ந்தபின் எந்தக் காற்று எங்கே அடித்துக்கொண்டு போகுமோ! அதற்குள் குர்ஆனாவது உள்ளே போகட்டும் என்பதே பெற்றவர்களின் எண்ணம்.

அவர்களுக்கும் முந்தியவர்களின் வழி இன்னும் பொறுமையானது. பத்து வசனம் கற்றால், அவற்றின் பொருளையும் அவற்றின்படி நடப்பதையும் அறியாமல் அடுத்த பத்துக்குப் போகமாட்டோம் என்று நபித்தோழர்கள் சொன்னதாகச் செய்தி உண்டு. அவர்களில் ஒருவரான இப்னு உமர் 'பகரா' என்னும் ஒரே அத்தியாயத்தைக் கற்க எட்டு வருடம் எடுத்துக்கொண்டாராம். அரபி அவருக்குத் தாய்மொழி. அப்படியென்றால் அந்த எட்டு வருடமும் சொல்லுக்கு அகராதி தேடியதில் போயிருக்காது.

பொருள் அறியாமல் வேதம் கற்றவனைச் சுமை தாங்கி நிற்கும் தூண் என்றார் 'நிருக்தம்' எழுதிய யாஸ்கர். வேதம் கொடுக்கப்பட்டும் அதன்படி நடக்காதவரை ஏடுகளைச் சுமக்கும் கழுதைக்கு ஒப்பிடுகிறது குர்ஆன். பாடசாலையும் மதரஸாவும் உள்ள காஞ்சியில் இந்த இரண்டு எச்சரிக்கைகளுக்கும் ஒரே முகவரிதான்.

தமிழ் வந்து சேர்ந்த இடம்

அரபி தாய்மொழியாக இல்லாத பிள்ளைக்கு ஓசை ஒரு மொழியிலும் பொருள் இன்னொரு மொழியிலும் வந்தாக வேண்டும். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் கோக்கிற வேலையைத் தமிழ் முஸ்லிம்கள் பல நூற்றாண்டுகளாகச் செய்து வந்திருக்கிறார்கள்.

முதல் கருவி அர்வி எனப்படும் அரபுத்தமிழ். அரபு எழுத்தில் தமிழை எழுதுவது. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு இருக்கிற எழுத்திலேயே புள்ளிகளைக் கூட்டிப் புது எழுத்துகள் செய்துகொண்டார்கள். குர்ஆன் ஓதக் காயிதா கற்ற பிள்ளை அதே எழுத்தறிவைக் கொண்டு தமிழில் மார்க்க நூலும் படித்துவிடலாம். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத எத்தனையோ பெண்கள் இப்படித்தான் வாசகர்கள் ஆனார்கள். 19ஆம் நூற்றாண்டில் காயல்பட்டினத்து ஹபீப் முஹம்மதும், இலங்கைப் பேருவளையின் ஷெய்கு முஸ்தபாவும் குர்ஆன் விளக்கவுரைகளை அர்வியில் எழுதினார்கள்.

அடுத்தது பாலாற்றோடு தொடர்புள்ளது. ஓரிக்கையில் நின்று ஆற்றுமணலைப் பார்த்து மேற்கே நடந்தால் வேலூர் வரும். அங்கே அப்துல் வஹ்ஹாப் ஹஜ்ரத் தொடங்கிய பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரி. இன்னும் மேலே ஆம்பூருக்கு அருகே உமராபாத்தில், 1924இல் தொடங்கப்பட்ட ஜாமிஆ தாருஸ்ஸலாம். பாக்கியாத்தில் பட்டம் பெற்றவர் 'பாகவி'. அப்படி ஒரு பாகவிதான் ஆ.கா. அப்துல் ஹமீது. குர்ஆனைத் தமிழில் பெயர்க்கலாமா என்ற தயக்கமே பலருக்கு இருந்த காலத்தில் அவர் துணிந்து உட்கார்ந்தார். முதல் பகுதி 1929இல் அச்சானது. முழுமையாக வெளிவர 1949 ஆயிற்று. தமிழ் எழுத்தில், தமிழ் உரைநடையில், எந்தத் தமிழனும் எடுத்துப் படிக்கக்கூடிய குர்ஆன். அதன் பிறகு எத்தனையோ பெயர்ப்புகள் வந்துவிட்டன. இன்று செல்பேசியில் ஒரு வசனத்தைத் தொட்டால் கீழே தமிழ் விரிகிறது.

ஆக, பொருள் கிடைக்கவில்லை என்று சொல்ல இனி வழியில்லை. கிடைக்கிற பொருளைப் பிள்ளையின் நாவிலிருக்கும் ஓசையோடு யார் கோப்பது என்பதுதான் மிச்சம்.

* 

பெட்டிச் செய்தி: 'ழ'வும் 'ளாத்'தும்

தமிழின் தனிச்சிறப்பு 'ழ' என்று நாம் சொல்லிக்கொள்வோம். அரபிகளும் தங்கள் மொழியை ஓர் எழுத்தின் பெயராலேயே அழைப்பார்கள். 'ளாத்' எழுத்தின் மொழி என்பது அரபிக்கு வழங்கும் பெயர். நாக்கின் பக்கவாட்டைக் கடைவாய்ப் பல்லில் அழுத்திப் பிறப்பிக்கும் ஒலி அது. அந்த எழுத்தைத் தமிழில் எழுத வேண்டி வந்தபோது தமிழ் முஸ்லிம்கள் எடுத்தது 'ழ'வை: ரமழான், ஃபர்ழு. அதையொத்த இன்னொரு எழுத்துக்கும் அதுவே உதவியது: ஹாஃபிழ், ஹிஃப்ழு. ஒலி ஒன்றல்ல. ஆனால் ஒரு மொழி தன் பெருமைக்குரிய எழுத்தை இன்னொரு மொழியின் பெருமைக்குரிய எழுத்துக்கு உட்கார இடமாகக் கொடுத்திருக்கிறது.

*

பதினேழு முறை

எங்கே தொடங்குவது? பிள்ளை அதிகம் ஓதுகிற இடத்தில் தொடங்குவதுதான் நியாயம். ஐந்து நேரக் கடமைத் தொழுகையில் மொத்தம் 17 ரக்அத், அதாவது 17 சுற்று. ஒவ்வொன்றிலும் ஃபாத்திஹா உண்டு. நாளுக்குப் பதினேழு என்றால் வருடத்துக்கு 6,205 முறை. பிஸ்மில்லாவையும் சேர்த்து அதில் முப்பது சொல்கூட இல்லை. நாளுக்கு ஒரு சொல் என்று சொல்லிக் கொடுத்தாலும் ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். மாதம் ஒன்றைச் செலவழித்தால் ஆயுள் முழுக்கத் தொழுகையில் தான் என்ன சொல்கிறோம் என்று பிள்ளைக்குத் தெரியும்.

அடுத்தது சின்ன அத்தியாயங்கள். என் தோழன் மகளுக்கு 'மாஊன்' அத்தியாயத்தைச் சொல்லிக் கொடுத்த விதத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஏழே வசனம். அநாதையை விரட்டுகிறவனையும், ஏழைக்கு உணவளிக்கத் தூண்டாதவனையும், ஊர் பார்க்கத் தொழுகிறவனையும் கண்டிக்கும் அத்தியாயம். கடைசிச் சொல்தான் 'மாஊன்'. அக்கம்பக்கத்தில் இரவல் கேட்கிற சின்னச் சாமான்கள் என்பது விளக்கவுரைகள் தரும் பொருள்களில் ஒன்று. வாளி, பாத்திரம், கோடாலி, ஊசி மாதிரி. அதைக்கூடத் தரமறுப்பவனைப் பற்றியது அந்த வசனம்.

"அத்தா, அப்போ இட்லிப் பானையும் மாஊனா?" என்றாள் பெண்.

"ஆமா, அதுவும்தான்."

"மிக்ஸி?"

தோழன் கொஞ்சம் யோசித்தான். "கேட்டுட்டு வந்து சொல்றேன்."

அந்த 'கேட்டுட்டு வந்து' எனக்குப் பிடித்தது. பொருள் சொல்வதில் ஓர் ஆபத்து உண்டு. ஒரு பெயர்ப்பைப் படித்த கையோடு எல்லாம் தெரிந்ததாக நினைத்துவிடலாம். தெரியாததை ஹஜ்ரத்திடம் கேட்டு வந்து சொல்கிற அத்தாவிடம் பிள்ளை இரண்டு பாடம் படிக்கிறது.

பொருள் நினைவுக்கும் உதவுகிறது. ஹாஃபிழ்களுக்குப் பெரிய சோதனை ஒன்றுபோல் இருக்கும் வசனங்கள். 'ரஹ்மான்' அத்தியாயத்தில் 78 வசனம், அதில் ஒரே வசனம் 31 முறை திரும்பி வரும். ஒவ்வொரு முறை அது முடிந்ததும் அடுத்து எது? ஓசையை மட்டும் பிடித்துக்கொண்டு போகிறவர் இங்கே தடம் மாறி நான்கு வசனம் தாண்டிப் போய்விடுவார். படைப்பைச் சொல்லி, கடலைச் சொல்லி, தீர்ப்பைச் சொல்லி, சோலையைச் சொல்லிப் போகிற வரிசை தெரிந்தவருக்கு அடுத்த வசனம் தானே வந்து நிற்கும். தமிழில் 'கோர்வையாகச் சொல்லு' என்கிறோமே, அது பொருள் தெரிந்தவனால்தான் முடியும்.

மனப்பாடத்துக்கும் ஒரு நியாயம் பாக்கி இருக்கிறது. எட்டு வயதில் ஏற்றிய வசனத்தின் பொருள் சில சமயம் நாற்பது வயதில் ஒரு மரண வீட்டில்தான் விளங்கும். அப்போது விளங்குவதற்கு அது உள்ளே இருந்தாக வேண்டும். புரிந்த பிறகுதான் கற்பேன் என்றால் தாலாட்டுக்கூடக் கேட்டிருக்க முடியாது.

கம்பும் கணக்கும்

நிறைகளையே சொல்லிக்கொண்டிருந்தால் இது விழா மலர்க் கட்டுரை ஆகிவிடும். என் தோழன் ஹிஃப்ழுக்குப் போய் ஆறு மாதத்தில் திரும்பி வந்தவன். முழங்காலுக்குப் பின்னால் பிரம்புத் தடம் இருந்தது. பாடம் வராததற்கு அடி, அடிக்குப் பயந்து பாடம் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் எனக்கும் அதே நடந்தது என்பது அதற்குச் சமாதானம் ஆகாது. மாணவரிடம் கடுமை காட்டினால் அவர்கள் பொய்க்கும் சோம்பலுக்கும் பழகுவார்கள் என்று இப்னு கல்தூன் அன்றே தனிப் பகுதியாக எழுதியிருக்கிறார். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமும் பள்ளிக்கூடத்தில் அடிப்பதைத் தடை செய்கிறது. 2012 திருத்தத்தின்படி மதரஸாக்களும் வேத பாடசாலைகளும் அந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. சட்டம் வெளியே நின்றால் பெற்றோரின் கண் உள்ளே இருக்க வேண்டும்.

இன்னொன்று நேரம். ஹிஃப்ழுக்காக இரண்டு மூன்று வருடம் பள்ளிப் படிப்பை நிறுத்தினால், திரும்பும்போது கணக்கும் அறிவியலும் எட்டத்தில் போயிருக்கும். இரண்டையும் சேர்த்து நடத்தும் கூடங்கள் இப்போது உண்டு. அங்கே ஹிஃப்ழு மெதுவாக நகரும். மெதுவாக நகர்ந்தால் என்ன? பகராவுக்கே எட்டு வருடம் எடுத்துக்கொண்டவர்கள் வழிவந்த கல்விதானே இது.

படமரம்

புடவை முடிந்து அறுக்கிற நாளில்தான் அப்பா படமரத்திலிருந்து துணியைப் பிரிப்பார். கரையில் வரிசையாக அன்னம் போவதை முதன்முதலாக அன்றுதான் பார்த்தேன். அத்தனை நாளும் நான் தள்ளியது அன்னம் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் கவனமாகத் தள்ளியிருப்பேனோ என்னவோ.

போன வாரம் சாயங்காலம் தோழன் வீட்டுக்குப் போயிருந்தேன். மகள் பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பாட்டி, நன்னி, கட்டிலில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு மாஊன். ஆறு வசனம் தடையில்லாமல் வந்தது. ஏழாவதில் நின்றுவிட்டாள். கண்ணை மூடினாள், உதட்டைக் கடித்தாள். தோழன் லுக்மா கொடுக்க வாயெடுத்தான். நன்னி கையைக் காட்டி நிறுத்தினார்.

பெண் கண்ணைத் திறந்து அடுக்களைப் பக்கம் பார்த்தாள். பரணில் கழுவிக் கவிழ்த்திருந்த இட்லிப் பானையில் அவள் பார்வை நின்றது. சட்டென்று முகம் மலர்ந்து ஏழாவது வசனத்தை ஓதி முடித்தாள்.

அந்த இட்லிப் பானை எங்கள் வீட்டுடையது.